சரிக்கட்டுநரின் பனியன்

தமிழினி அந்தத் தறிக்கூடத்துக்கு வேலை கேட்டுப் போன அன்று நடந்த பேச்சு இது. மேஜைக்கு அந்தப் பக்கம் முதலாளி மருதாசலம். இந்தப் பக்கம், நெசவுத் தொழில்நுட்பம் படித்த, கேட்டால் மட்டும் வாய் திறக்கிற ஓமலூர்ப் பெண். நடுவில் ஆறிக்கொண்டிருக்கும் இரண்டு டீ.

“துணிக்குள்ளயே கருவிய வெச்சு நெய்யறது படிச்சிருக்கறயாமா?”

“ஆமாங்க சார்.”

“நாடித் துடிப்பு சொல்ற மாதிரி ஒரு பனியன் போட முடியுமா?”

“போடலாமுங்க. ஆனா அது சரியாச் சொல்லுதான்னு அப்பப்ப கேலிபரேஷன் பண்ணோணும்.”

“அதுக்குத் தமிழ்ல என்ன சாமி?”

“சரிபார்க்கறதுங்க.”

“அட, சரிக்கட்டறது!”

“இல்லீங்க சார். சரிபார்க்கறது.”

“ரெண்டும் ஒண்ணுதான?”

“இல்லீங்க. சரிபார்த்தா தப்பு வெளிய தெரியும். சரிக்கட்டினா தப்பு வெளிய தெரியாது.”

மருதாசலம் டீயை எடுத்தார், ஒரு வாய் குடித்தார், நன்றாக யோசித்தார்.

“அப்ப ரெண்டாவதுதான நல்லது?”

கல்லூரியில் இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. அதற்கான பாடமும் எந்தப் பருவத்திலும் வரவில்லை. தமிழினி தன் டீயை எடுத்துக் குடித்தாள். டீயைக் குடித்தால் சம்மதம் என்று எடுத்துக்கொண்ட அவர், “நாளைக்கே வந்துரு கண்ணு” என்றார்.

வாசகர்களே, சரிக்கட்டுநர் என்னும் இனம் இப்படித்தான் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும். ஓட்டுநர், நடத்துநர் போல இதுவும் ஒரு பதவிதான். என்ன, சம்பளம் கிடையாது, விடுமுறையும் கிடையாது. இவரைப் பொய்யர் என்று நினைத்துவிடாதீர்கள். பொய்யருக்கு உண்மை என்னவென்று தெரியும், அதை மறைக்கிற சிரமமும் உண்டு. சரிக்கட்டுநருக்கு அந்தச் சிரமமெல்லாம் இல்லை. அவர் அளவுகோலைத் தனியே அழைத்துப்போய், தோளில் கைபோட்டு, நாலு வார்த்தை நல்லபடியாகப் பேசி, தனக்கு வேண்டியதை அதன் வாயாலேயே சொல்ல வைத்துவிடுவார். பிறகு அதை அவரே முதல் ஆளாக நம்பியும் விடுவார்.

மருதாசலத்தின் வீட்டுச் சுவர்க் கடிகாரம் கால் மணி நேரம் முன்னால் ஓடும். எதற்கு? எங்கேயும் நேரத்துக்குக் கிளம்புவதற்கு. ஆனால் அது கால் மணி நேரம் முன்னால் ஓடுகிறது என்பது அவருக்குத் தெரியும், அவர் மனைவி சாரதாமணிக்குத் தெரியும், பால் ஊற்ற வருகிறவருக்குக்கூடத் தெரியும். ஆகவே எல்லோரும் கால் மணி நேரத்தைக் கழித்துக்கொண்டு, அப்படிக் கழித்ததில் கிடைத்த மிச்ச நேரத்தில் இன்னொரு காபியும் குடித்துவிட்டு, முகூர்த்தம் முடிந்து பந்தி ஓடுகிற நேரத்தில் மண்டபத்துக்குப் போய்ச் சேருவார்கள். அதற்கு அவர் கண்டுபிடித்த தீர்வு என்ன தெரியுமா? கடிகாரத்தை இன்னும் ஐந்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்தது.

எடை பார்க்கும்போது அவருடைய ஒரு கை பல்லியைப் போலச் சுவரில் ஒட்டியிருக்கும். சர்க்கரைப் பரிசோதனைக்கு நாள் குறித்ததும் அந்த வீட்டில் ராகிக் களியும் கொள்ளு ரசமும் மணக்கத் தொடங்கும். ஒரு முனிவரைப் போல மெலிந்த முகத்தோடு ரத்தம் கொடுத்துவிட்டு வெளியே வருகிறவர், பரிசோதனைக் கூடத்தின் படியிறங்கியதுமே எதிர்க்கடை மைசூர் போண்டாவை நோக்கி நடப்பார். திருச்செங்கோட்டில் ரத்த அழுத்தம் பார்க்கிற மருந்துக்கடைகள் இரண்டு உண்டு. ஒன்றில் கூடுதலாகக் காட்டும், இன்னொன்றில் குறைவாகக் காட்டும். இவர் இரண்டாவது கடைக்கு மட்டும்தான் போவார். “அந்தக் கடைக்காரரு நல்ல மனுசருங்க” என்பார். காரில் பெட்ரோல் முள் சிவப்பைத் தொட்டால், “இந்த வண்டிக்கு அது சும்மா மெரட்டறது” என்பார். சங்ககிரி சாலையில் கையில் காலிக் கேனோடு, போகிற லாரிகளை நிறுத்திக்கொண்டு நின்ற ஒரு பெரிய மனிதரை நீங்கள் எப்போதாவது பார்த்திருந்தால், அது அநேகமாக அவர்தான்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். நெஞ்சு அப்படி இல்லை.

தமிழினி வேலைக்குச் சேர்வதற்கு முந்தைய ஆண்டு அவருக்கு ரத்தக்குழாயில் அடைப்பு வந்து, சேலத்தில் ஸ்டென்ட் வைத்து அனுப்பியிருந்தார்கள். அனுப்பும்போது டாக்டர் பிரபா கண்டிப்பாக ஒன்று சொன்னார்: “அடுத்த தடவை வலிச்சுக்கிட்டுத்தான் வரும்னு இல்லை. துடிப்பு மட்டும் வேகமா, தாறுமாறா ஓடும். உங்களுக்கு ஒண்ணுமே தெரியாமக்கூட இருக்கலாம். அன்னைக்கே வரணும், மறுநாள் இல்லை.” துடிப்பைப் பார்த்துக்கொள்ளக் கையில் கட்டுகிற கருவி ஒன்றை வாங்கிக் கட்டினார். தறி முதலாளிகள் சங்கக் கூட்டத்தில் நாலு பேர் அதைப் பார்த்து, “என்னங்க, ஒடம்புக்கு ஏதாச்சும்?” என்று கேட்டதும் கழற்றிவிட்டார். வெளியே தெரியாமல், சட்டைக்குள்ளேயே இருந்தால்? பனியனாகவே இருந்தால்? துண்டும் படுக்கை விரிப்பும் ஓடிக்கொண்டிருந்த தறிக்கூடத்தின் ஒரு மூலையைக் காலி செய்து, திருப்பூரிலிருந்து பின்னல் இயந்திரம் ஒன்றை இறக்கினார். நாமக்கல்லில் லாரிக்காரர்கள் இருக்கிறார்கள், திருச்செங்கோட்டில் ஆழ்குழாய்க் கிணறு தோண்டுகிற ரிக் வண்டிக்காரர்கள் இருக்கிறார்கள், எல்லோருக்கும் நெஞ்சு இருக்கிறது. ஆக, இது தொழிலுக்கும் ஆச்சு.

முதல் பனியனை யார் போட்டுப் பார்ப்பது? வேறு யார், அவர்தான்.

ஆக, அந்தப் பனியனுக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது: அந்த நாள் வரும்போது மருதாசலத்தை நம்ப வைத்து ஆஸ்பத்திரிக்குக் கிளப்புவது. பாவம், தமிழினி அது துடிப்பை அளக்கிற வேலை என்று நினைத்துக்கொண்டாள்.

வெள்ளி பூசிய நூலை நெஞ்சின் இரண்டு பக்கமும் தீப்பெட்டி அகலத்துக்குச் சதுரமாகப் பின்னி, அங்கிருந்து மெல்லிய நூல் தடம் ஒன்றை நடுவே கொண்டுவந்து, பிரஸ் பட்டனால் ஒரு குட்டிப் பெட்டியை அதில் மாட்டினாள். பெட்டியில் எண் தெரியும். எண் எல்லை தாண்டினால் பெட்டி கத்தும். தறிக்கூடத்தில் எல்லோருமாகச் சேர்ந்து பார்த்து மெச்சிய பிறகு, பனியன் வீட்டுக்குப் போனது.

மறுநாள் காலை, குளித்துவிட்டு அதைப் போட்டுக்கொண்டு தறிக்கூடத்துக்குள் நுழைந்தவரின் நெஞ்சிலிருந்து கீ கீ என்று அலறல் கிளம்பியது. குனிந்து பார்த்தார். இருநூற்றுப் பன்னிரண்டு! அதுவரை ஒன்றுமே செய்யாத நெஞ்சு, எண்ணைப் பார்த்த பிறகுதான் அடைத்தது. தறிகள் நின்றன. நாற்காலி வந்தது, சோடா வந்தது, விசிறிவிட நாலு கை வந்தது. அள்ளிப் போட்டுக்கொண்டு சேலத்துக்குப் பறந்தார்கள். டாக்டர் பிரபா தன் கருவியை வைத்துப் பார்த்தார். எண்பத்து நான்கு. “ஒண்ணுமில்லை. எதுக்கு இத்தனை பேர் வந்திருக்கீங்க?”

தமிழினி பனியனை வாங்கி உள்பக்கம் திருப்பினாள். வெள்ளிச் சதுரம் வெள்ளியாக இல்லை. மஞ்சளாக இருந்தது.

புதுத் துணிக்கு மஞ்சள் வைக்காமல் உடுத்துகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. சேலையானாலும் துண்டானாலும் ஓர் ஓரத்தில் மஞ்சளைத் தொட்டு வைத்த பிறகுதான் உடம்பில் ஏறும். இந்தப் பனியனை விரித்துப் பார்த்த சாரதாமணிக்கு நெஞ்சுப் பக்கம் பளபளவென்று ஒரு சதுரம் தெரிந்திருக்கிறது. மஞ்சள் வைப்பதற்கென்றே இடம் ஒதுக்கிப் பின்னியிருக்கிறார்களே, படித்த பிள்ளைக்கு இவ்வளவு அக்கறையா என்று மனம் குளிர்ந்துபோய், கொஞ்சமும் கஞ்சத்தனம் இல்லாமல் குழைத்து அப்பிவிட்டார். ஈர மஞ்சள் வழிந்து சதுரத்தையும் பக்கத்து நூல் தடத்தையும் ஒட்டவைத்துவிட, மருதாசலம் கை வீசி நடந்ததையெல்லாம் பெட்டி துடிப்பென்று எண்ணித் தள்ளியிருக்கிறது.

“ரெண்டு சதுரம் இருந்துச்சே கண்ணு,” என்றார் சாரதாமணி கவலையோடு. “ஒண்ணுல மட்டும் வெச்சதுனாலயா?”

அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள். தமிழினிகூடச் சிரித்தாள். ஆனால் சரிக்கட்டுநர் ஒருவர் கையில் நல்ல காரணம் ஒன்று சிக்கினால் என்ன ஆகும் என்று அப்போது அவளுக்குத் தெரியாது. ஒரு முறை நிஜமான காரணம், பிறகு வாழ்நாள் முழுக்கத் தயாரான காரணம். அன்றுமுதல் பெட்டி எப்போது கத்தினாலும் அவர் கையை வீசி ஒரே வார்த்தைதான் சொன்னார்: “மஞ்சளு.” தறிக்கூடத்தில் அது தொற்றிக்கொண்டது. மகனுக்குக் கணக்கில் மதிப்பெண் குறைந்தால் மஞ்சள். மின் அழுத்தம் குறைந்து தறி திணறினால் மஞ்சள். துண்டின் நீளம் ஒரு சாண் குறைந்தாலும், சாட்சாத் மஞ்சளேதான்.

அடுத்தது துவைப்பு.

பாடப் புத்தகங்களில் ஒரு சலவை உண்டு. அதில் மிதமான சூட்டில் தண்ணீர் இருக்கும், அளந்து போட்ட சோப்பு இருக்கும், இயந்திரம் துணியைப் பூப்போலப் புரட்டும். சாரதாமணியின் சலவை வேறு. அதில் ஆழ்குழாயிலிருந்து வரும் உப்புத் தண்ணீர் இருந்தது, கருங்கல் இருந்தது, சாரதாமணி இருந்தார். நாலாவது துவைப்பில் வெள்ளி உரிந்தது. அதற்கடுத்ததில் தடமும் பட்டனும் சேர்கிற இடத்தில் நூல் அறுந்தது.

“ஏனுங்கம்மா, மெஷின்ல போட்டிருந்தீங்கன்னா...”

“மெஷின்ல போட்டா அழுக்குப் போகுமா கண்ணு? அது துணியத் தாலாட்டுது.”

“எவ்வளவு நேரம் அடிச்சீங்க?”

“நேரம் பார்த்தா அடிப்பாங்க? கோவம் தீர்ற வரைக்கும்.”

“யார் மேல கோவமுங்க?”

கூடத்தில் உட்கார்ந்து, டாக்டர் கூடாதென்று சொன்ன வடையில் மூன்றாவதை எடுத்துக்கொண்டிருந்த கணவரைச் சாரதாமணி திரும்பிப் பார்த்தார்.

வெள்ளி உரிந்த பனியன் சும்மா இருக்குமா? தோலோடு சரியாக ஒட்டாமல், உரசலையெல்லாம் துடிப்பென்று சேர்த்து எண்ணியது. எழுபதுக்குத் தொண்ணூறு, எண்பதுக்கு நூற்றுப்பத்து. வேறொருவராக இருந்தால் கழற்றிக் கொடுத்து, “இதைச் சரிசெய்” என்பார். மருதாசலம் மகிழ்ந்தார். அவருடைய திறமைக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டதல்லவா? காலையில் என்றால் பத்து கழிக்க வேண்டும். மாடிப்படி ஏறினால் இருபது. கறிச்சாப்பாடு சாப்பிட்ட மதியம் இருபத்தைந்து. மைத்துனரோடு போனில் பேசிய பிறகு என்றால் முப்பதும் கழிக்கலாம், குற்றமில்லை. இப்படிக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் விடை எப்போதும் எழுபத்திரண்டு. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொன்ன எண் அது. எங்கே தொடங்கினாலும் எழுபத்திரண்டில் போய் நிற்கிற அந்தக் கணக்கை அவர் எல்லோருக்கும் செய்து காட்டினார். கேட்டவர்களும் வியந்தார்கள். விடையை முதலில் வைத்துக்கொண்டு கணக்கைப் பிறகு போடுகிறவர் நம்மில் யாரும் இல்லையே, வியக்காமல் என்ன செய்வார்கள்?

தமிழினி வாதாடவில்லை. வாதாடுவது அவளுக்கு வராது. பனியனை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனாள்.

வெள்ளி நூலை வெளியே தெரியும்படி விடாமல், தோலைத் தொடுகிற முகம் மட்டும் மிஞ்ச, மற்ற பக்கங்களில் பஞ்சு நூல் வளையங்களால் மெத்தை கட்டினாள். கல் முதலில் மெத்தையை அடிக்கட்டும், பிறகுதானே வெள்ளி. நேராக ஓடிய தடத்தைப் பாம்பு நெளிவது போல வளைத்துவிட்டாள்; பிழிந்தாலும் முறுக்கினாலும் நெளிவு விரிந்து கொடுக்கும், அறாது. பட்டன் சேரும் இடத்தை இழுத்தால் நீளுகிற மெல்லிய படலத்தால் மூடி ஒட்டினாள். செய்த ஒவ்வொன்றையும் சாரதாமணியிடமே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

“நல்லா அடிங்கம்மா.”

“நெசமாத்தான் சொல்றயா?”

“கோவம் தீர்ற வரைக்கும் அடிங்க.”

அப்படியொரு அனுமதி அந்த அம்மாளுக்கு அதற்குமுன் கிடைத்ததில்லை. சில பனியன்கள் செத்தன. பிழைத்தவற்றைச் சேலத்துக்கு எடுத்துப்போய், டாக்டரின் கருவியும் பனியனும் ஒரே நேரத்தில் ஒரே நெஞ்சில் இருக்க, உட்கார வைத்து, நடக்க வைத்து, குனிய வைத்து ஒப்பிட்டாள். பிசகினால் மறுபடி மூலைக்கு. கடைசியில், உப்புத் தண்ணீரையும் கருங்கல்லையும் பல மாதம் தாங்கிய பிறகும் டாக்டரின் கருவியோடு ஒத்துப்போகிற பனியன் ஒன்று அவள் கைக்கு வந்தது.

அதன் கீழ் ஓரத்தில், கருவிக்கும் தடத்துக்கும் வெகு தூரத்தில், வெள்ளைத் துணியில் ஒரு சின்னச் சதுரம் தைத்திருந்தாள்.

“இது என்னத்துக்கு கண்ணு?”

“மஞ்சள் வெக்கறதுக்குங்கம்மா.”

சாரதாமணிக்குக் கண் கலங்கிவிட்டது.

இனி எல்லாம் சுபம் என்றுதானே நினைப்பீர்கள்? தமிழினியும் அப்படித்தான் நினைத்தாள். துல்லியமான பனியனைப் போட்டுக்கொண்டு மருதாசலம் எதிரே வந்து நின்றார்.

“இப்பச் சரியாக் காட்டுதுங்க சார். இனிக் கழிக்க வேண்டாமுங்க.”

“எவ்வளவு காட்டுது?”

“தொண்ணூத்தி நாலுங்க. இப்பத்தான படியேறி வந்தீங்க.”

“தொண்ணூத்தி நாலுல இருபத்திரண்டு கழிச்சா எழுபத்திரண்டு!” அவர் முகம் மலர்ந்தது. “பாரு சாமி, கணக்கு எவ்வளவு சுத்தமா வருது! இதுவரைக்கும் நீ போட்டதுலயே இதுதான் நல்ல பனியனு.”

அன்றைக்குத்தான் தமிழினிக்குப் புரிந்தது. நூலைத் திருத்தலாம், தடத்தைத் திருத்தலாம், பட்டனைத் திருத்தலாம். அளப்பதிலிருந்து படிப்பது வரை இருக்கிற வரிசையில் கடைசிப் பாகம் ஒன்று இருக்கிறது, அதைப் பின்னல் இயந்திரத்தில் ஏற்ற முடியாது.

பனியனை ஊருக்குக் காட்டுகிற நாள் வந்தது. திருச்செங்கோட்டில் ஒரு கல்யாண மண்டபம்; லாரி முதலாளிகள், ரிக் முதலாளிகள், அவர்களோடு வந்தவர்கள் என்று நாற்காலிகள் நிறைந்தன. மேடையில் மருதாசலம், வெள்ளைச் சட்டைக்குள் பனியன். பின்னால் பெரிய திரை. பெட்டியில் தெரிகிற எண் திரையிலும் தெரியும். அன்று காலை அவர் தமிழினியைத் தனியே அழைத்துச் சொல்லியிருந்தார்:

“பெரிய மனுசங்க வாராங்க கண்ணு. எம்பதுக்கு மேல போகாத மாதிரி பெட்டிக்குள்ள சித்தச் சரிக்கட்டி வெச்சிரு.”

“சரிங்க சார்.”

இந்த ஊர்ப் பக்கத்தில் ‘சரிங்க’ என்றால் ‘நீங்கள் சொன்னது காதில் விழுந்தது’ என்று மட்டும் அர்த்தம். தமிழினி பெட்டியைத் தொடவில்லை.

திரையில் எண்பத்தெட்டு வந்தது. அவர் பேசத் தொடங்கினார். நூற்று இருபத்தாறு. தொண்ணூற்றேழு. நூற்று நாற்பத்து மூன்று. நூற்றுப்பத்து. எண் ஏறியது, இறங்கியது, ஓரிடத்தில் நிற்க மறுத்தது; சட்டைக்குள் பெட்டி விட்டு விட்டுக் கத்தியது.

முன்வரிசையில் இருந்த ரிக் முதலாளி செல்லமுத்து கால்மேல் கால் போட்டுக்கொண்டார். “ஏனுங்க மருதாசலம், உங்க பனியனு ஓவர்லோடு வண்டி மேடேறற மாதிரி இழுக்குதே?”

“மஞ்சளுங்க!” என்றார் மருதாசலம், சிரித்துக்கொண்டே. “ஊட்டுக்காரி வெச்சிருப்பா. ஒரு நாப்பது அம்பது கழிச்சுப் பாருங்க, எல்லாஞ் சரியா இருக்கும்.”

மண்டபம் சிரித்தது. மஞ்சள் கதை தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் சொன்னார்கள். அவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். மருதாசலத்தின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றதைத் தமிழினி பார்த்தாள். திரையைப் பார்த்தாள். பனியன் சொல்வது தப்பாக இருந்தால் இத்தனை பேர் முன்னால் அவளுடைய உழைப்பும் பேரும் போய்விடும். சரியாக இருந்தால் போகப்போவது அவர். கூட்டத்தில் ‘நன்றி’ சொல்லக்கூட எழுந்திருக்காத பெண் மேடையேறினாள். அவர் பக்கத்தில் போய் நின்று, அவருக்கு மட்டும் கேட்கட்டும் என்று தணிந்த குரலில்தான் சொன்னாள். மைக் அவர் கையில் இருந்ததை மறந்துவிட்டாள்.

“மஞ்சள் கீழ ஓரத்துல இருக்குங்க சார்.”

மண்டபத்தின் நான்கு மூலையிலும் அது கேட்டது.

மருதாசலம் அவளைப் பார்த்தார். பிறகு, அத்தனை பெரிய மனிதர்களுக்கு முன்னால், வேட்டிக்குள் செருகியிருந்த பனியனின் ஓரத்தை வெளியே இழுத்துப் பார்த்தார். வெள்ளைச் சதுரத்துக்கு நடுவில், பொட்டு வைத்தது போல, இருக்க வேண்டிய இடத்தில் அடக்கமாக இருந்தது மஞ்சள்.

“அப்ப இந்த நம்பரு?”

“உங்களுதுங்க சார்.”

“ஹால்ல புழுக்கம் சாஸ்தி கண்ணு. ஃபேனு போட்டா...”

முன்வரிசையில் சாரதாமணி எழுந்து நின்றார். துவைக்கிற கல்லுக்கு முன்னால் மட்டும் வெளிப்படுகிற குரல் அவரிடமிருந்து வந்தது. “ஏனுங்க. எறங்குங்க.”

இறங்கினார். அவரைக் கைத்தாங்கலாகக் காருக்குக் கூட்டிப்போகிற அவசரத்திலும் தமிழினி ஒன்றைக் கவனித்தாள். செல்லமுத்துவும் அவர் வரிசையில் இருந்தவர்களும் சத்தமில்லாமல் தங்கள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் உதடுகள் அசைந்தன. எதையோ கழித்துக்கொண்டிருந்தார்கள்.

சேலத்தில் டாக்டர் பிரபா தன் கருவியை மாட்டினார். அதில் நூற்று நாற்பத்திரண்டு. பனியனில் நூற்று நாற்பத்தொன்று. படுத்திருந்த மருதாசலத்தின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது.

“ஒண்ணு வித்தியாசம் வருதுங்க டாக்டர். ரெண்டுல எது தப்பு?”

“ரெண்டும் சரி. பேசாமப் படுங்க.” டாக்டர் சாரதாமணி பக்கம் திரும்பினார். “நெஞ்சு ஒழுங்கு தவறித் துடிக்குதும்மா. இப்படியே ரெண்டு நாள் விட்டிருந்தா ரத்தம் உள்ளேயே கட்டி, மூளைக்குப் போயிருக்கும். ஒரு கையும் ஒரு காலும் போயிருக்கும். நல்ல நேரத்துல கூட்டிட்டு வந்தீங்க.”

இரண்டு கருவிகள், இரண்டும் சரி. கழிப்பதற்கு எதுவுமே இல்லாத ஓர் இடத்தில் தன்னைக் கண்ட மருதாசலம், பல ஆண்டுகளில் முதல் முறையாக ஊசியைப் பார்த்துப் பயந்தார். நோய் இருப்பதை நம்புகிறவர்தான் ஊசிக்குப் பயப்படுவார், அது நல்ல அறிகுறி என்றார் டாக்டர்.

பிழைத்துக்கொண்டார், கவலைப்படாதீர்கள். மாத்திரை சாப்பிடுகிறார். வடை சாப்பிடுவதில்லை, அதாவது வீட்டில் சாப்பிடுவதில்லை.

இதைப் படித்துக்கொண்டு வந்தபோது உங்கள் மனத்தில் ஒரு முகம் வந்திருக்கும். பெரியப்பாவாக இருக்கலாம், மேலதிகாரியாக இருக்கலாம், எதிர்வீட்டுக்காரராகவும் இருக்கலாம். “அப்படியே அவரேதான்!” என்று யாருக்காவது படித்துக் காட்டியிருப்பீர்கள். நல்லது. போன மாதம் உடம்பு சரியில்லாதபோது காய்ச்சல்மானியை உதறிவிட்டு இரண்டாவது முறை வைத்துப் பார்த்தது யார்? முதலில் வந்த எண் பிடிக்கவில்லை, அவ்வளவுதானே? எடை இயந்திரத்தில் ஏறுவதற்கு முன் செருப்பைக் கழற்றினீர்கள், சரி. மூக்குக்கண்ணாடியையும் ஏன் கழற்றினீர்கள்? மனத்தில் வந்த அந்த முகத்துக்கும் உங்கள் முகத்துக்கும் எவ்வளவு தூரம் என்று ஒரு முறை அளந்து பாருங்கள். வருகிற விடையை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களால் முடியாது. தெரியும். மருதாசலத்தாலும் முடியாதுதான், ஆனால் அவருக்கு அது தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சில நாள் கழித்து, தறிக்கூடத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து மூலைக்கு வந்தார். தமிழினி அடுத்த பனியனுக்கு நூல் ஏற்றிக்கொண்டிருந்தாள். வாசலை ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு கேட்டார்:

“அந்த நம்பரு காட்டற பெட்டிய இனிமே முன்னாடி வெக்காத சாமி. என்ர கண்ணுல பட்டா நான் அதுகிட்டப் பேரம் பேசிப்போடுவேன். முதுகுல வெச்சிரு. லாரிக்குப் பின்னாடி எழுதியிருக்கறத டிரைவரா படிக்கறான்? பின்னாடி வாரவந்தான படிக்கறான். அந்த மாதிரி ஒண்ணு போட்டுக் குடுக்கறயா?”